அண்ணன் நடப்பதைப் பார்த்துவிட்டு வா

"ஆறு மாசம் இருக்கணும்" என்றார் கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி. என் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். "உங்களுக்கு அஞ்சுதான் இருக்கு."

"நான் தங்க வரலைங்க. சாயங்காலமே அடுத்த விமானம். வெளியில எங்க அண்ணன் நிக்கிறான். பாத்துட்டு வந்துடுவேன்."

"ஒரு மணி நேரத்துக்கு நுழைஞ்சாலும் நுழையிறது நுழையிறதுதான்."

இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் பேசிக்கொண்டோம். அதனால் சுருக்கமாகப் பேசினோம். எனக்கு எந்த மொழியிலும் அப்படித்தான் வரும்.

நான் மூன்று மாதப் பயிற்சிக்காக வேறொரு நாட்டின் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாட்டுக்கு, நான் அங்கிருந்து கிளம்பும் நாள்வரை பாஸ்போர்ட் செல்லுபடியானால் போதும். அவர்களுடைய விதிகளை ஒரு வரி விடாமல் படித்திருந்தேன். விமானம் மாறும் இந்த நாட்டின் விதியை மட்டும் நான் படிக்கவில்லை. அதை அண்ணனிடம் விட்டிருந்தேன். அவன் இங்கேதான் வேலை பார்க்கிறான். அண்ணன் அதை ஜோசியரிடம் விட்டிருந்தான்.

ஜோசியர் அண்ணனின் அறையில் இருப்பவர். கூடவே வேலை பார்ப்பவர். யாருக்கு எப்போது விசா வரும், யாருக்கு லீவு கிடைக்கும் என்று கேட்காமலேயே சொல்வதால் அந்தப் பெயர். "டிக்கெட்டைக் காட்டினா போதும். அங்கயே முத்திரை குத்தி அனுப்பிடுவாங்க. கவலையே படாதீங்க" என்று எனக்கும் போனில் சொல்லியிருந்தார். முத்திரை குத்துவார்கள் என்பது சரிதான். ஆறு மாதக் கதை அவருக்குத் தெரியவில்லை.

அதிகாரி பாஸ்போர்ட்டை மூடித் தந்தார். முகத்தில் கோபமில்லை. "மேல போங்க. உட்கார நல்ல நாற்காலி இருக்கு" என்றார்.

நான் மேலே போனேன். ஓரமாக நின்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டியா? வாசல்லயே நிக்கிறேன். பச்சைச் சட்டை. கிளி மாதிரி இருக்கேன், தூரத்துலயே தெரியும்."

"அண்ணா, விடலை."

"எதை விடலை?"

"என்னை. வெளியில விடமாட்டாங்களாம்."

காரணத்தைச் சொன்னேன். அவன் பின்னால் யாரோ யாரையோ கட்டிப்பிடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் யாராவது வந்துகொண்டிருந்தார்கள்.

"அந்த ஜோசியரை இன்னிக்குக் கொல்லாம விடமாட்டேன்" என்றான்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கவில்லை. அம்மா என்னிடம் ஒரே ஒரு வேலையைத்தான் ஒப்படைத்திருந்தாள்.

அம்மா தையல்காரி. நான் கிளம்பும்போதும் டேப்பைக் கழுத்தில் போட்டபடிதான் வாசலுக்கு வந்தாள். "ஊரைப் பாக்காட்டிப் போகுது. அண்ணன் நடக்கிறதைப் பாத்துட்டு வா. அவன் சொன்னதை வந்து எங்கிட்டச் சொல்லாத. உன் கண்ணால பாத்ததைச் சொல்லு" என்றாள்.

அண்ணன் உயரமான கட்டடங்களின் கண்ணாடியைத் துடைப்பவன். கயிற்றில் தொங்கியபடி வேலை. அங்கிருந்து அவன் ஒருநாளும் விழுந்ததில்லை. போன வருஷம் அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தூங்கும்போது புரண்டு கீழே விழுந்தான். இடது கால் முறிந்தது. "நாப்பது மாடியில தொங்குறவன் கட்டில்ல இருந்து விழுந்துட்டேன்" என்று அவனே போனில் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். எலும்பு சேர்ந்தது, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டான். ஆனால் காலுக்காக எடுத்த விடுப்பில், ஊருக்கு வர வேண்டிய விடுப்பு தீர்ந்துபோனது.

அதற்குப் பிறகு வீடியோவில் அவன் உட்கார்ந்தே இருந்தான். "எழுந்து போய்த் தண்ணி குடிடா" என்பாள் அம்மா. "தாகமில்லம்மா" என்பான். "ஜன்னலைச் சாத்துடா, காத்து இரையுது" என்பாள். "அது ஃபேனும்மா" என்பான். ஒருநாள் போனை வைத்தபின், "எனக்கு என் பிள்ளை நெஞ்சுக்கு மேலதான் இருக்கான்" என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் மிஷினில் உட்காரவே இல்லை.

"குண்டூசி" என்றான் அண்ணன் போனில். சின்ன வயதிலிருந்து எனக்கு அவன் வைத்த பெயர் அது. "நீ இப்ப நிக்கிற இடத்துல கண்ணாடி இருக்கா?"

"சுத்தி எல்லாமே கண்ணாடிதான்."

"வெளிய என்ன தெரியுது? விமானமா, ரோடா?"

"ரோடு. வரிசையா டாக்ஸி. ஒரு கொடிக்கம்பம்."

"கொடிக்கம்பமா? நல்லதாப் போச்சு. அந்த இடத்தை விட்டு நகராத."

நான் நகரவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

"இந்தக் கட்டடமும் நம்ம கம்பெனி துடைக்கிறதுதான். இன்னிக்கு இங்க டூட்டி யாருன்னு நெனைக்கிற? ஜோசியரு! இறங்குய்யா, பாவத்தைக் கழுவுன்னு கயிறை வாங்கிட்டேன். மேஸ்திரியும் சரின்னுட்டாரு. ஒரே கண்டிஷன். வாய் எவ்வளவு வேணா பேசட்டும், கை நிக்கக் கூடாதாம்."

"அண்ணா, இது தப்பில்லையே?"

"நான் உள்ள வரலையே. நீ வெளிய வரலையே. கண்ணாடியைத் துடைச்சா எந்த நாட்டுல தப்பு? மேல பாரு."

முதலில் இரண்டு பூட்ஸ் தெரிந்தன. பிறகு முழங்கால்கள், ஒரு பலகை, அதன் ஓரத்தில் ஒரு வாளி. சீருடைக்கு மேலே பச்சைக் காலர் எட்டிப் பார்த்தது. அண்ணன் என் முன்னால் வந்து நின்றான். நின்றான் என்று சொல்ல முடியாது, தொங்கினான். நான் முகத்தைப் பார்ப்பதற்குள் நுரைத்தண்ணீரைப் பூசிக் கண்ணாடி முழுவதையும் வெள்ளையாக்கிவிட்டான். பிறகு ரப்பர் பட்டையை வைத்து மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. நெற்றி, மூக்கு, மீசை என்று அவனை அவனே துடைத்து எடுத்தான்.

நேரில் பார்த்து மூன்று வருஷம். கன்னம் கறுத்திருந்தது. சிரிப்பு பழையதுதான்.

"என்னடி இது?" என்றது காதில் அவன் குரல். "குண்டூசின்னு பேருதானே வெச்சோம், அப்படியேவா ஆகணும்? சாப்பிடுறியா இல்லையா?"

"சாப்பிடுறேன். நீதான் கறுத்துட்ட."

"வெயிலுக்குப் பக்கத்துல வேலை பாக்கிறேன்ல."

நாற்காலிகளில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு யாராவது பார்த்தாலே கை எங்கே வைப்பது என்று தெரியாது. பையைப் பிடித்துக்கொண்டேன். அவன் பக்கத்துக் கண்ணாடிக்கு நகர்ந்தான், நானும் நகர்ந்தேன்.

"அம்மா எப்படி இருக்கா?"

"அப்படியேதான். மூக்குக்கண்ணாடி மாத்தியிருக்கா. உனக்கு ரெண்டு பேண்ட் தெச்சுக் குடுத்திருக்கா. பெரிய பெட்டியில இருக்கு, அது நேரா அடுத்த விமானத்துக்குப் போயிடுச்சு. திரும்பி வரும்போதுதான் தர முடியும்."

"பழைய அளவிலயா தெச்சா?"

"ஆமா. நீ புது அளவு எங்க குடுத்த?"

அவன் ஏற்கெனவே துடைத்த இடத்தை மறுபடி துடைத்தான்.

கீழேயிருந்து விசில் வந்தது. "மேஸ்திரி. அடுத்த மாடிக்குப் போகணும். நீயும் இறங்கி வா" என்றான். அவன் பூட்ஸ் மறைந்தது, பிறகு தலை மறைந்தது. நான் எஸ்கலேட்டரை நோக்கி ஓடினேன். அதில் நின்றுகொண்டு போவதுதான் முறை. நான் ஓடினேன்.

கீழ்மாடியில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு வாசனைத் திரவியக் கடை இருந்தது. அலமாரிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் இடம். நான் நுழைந்தேன். கடைப்பெண் ஓடி வந்து, நான் வாங்க வந்ததாக நினைத்து, என் மணிக்கட்டில் எதையோ தெளித்தாள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இன்னொன்றையும் தெளித்தாள்.

அண்ணன் வந்து சேர்ந்தான். "ஏன் கையை மோந்துக்கிட்டே நிக்கிற?"

"மோந்து பாத்துச் சொல்லணுமாம்."

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வேலையைப் பாரு."

நல்லா இருக்கு என்றேன். அவள் போனாள். இனித் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"அண்ணா, நீ நடக்கிறதை நான் பாக்கணும்."

ரப்பர் பட்டை பாதியில் நின்றது. மேஸ்திரியின் நினைவு வந்ததுபோல மறுபடி நகர்ந்தது. "அம்மா சொல்லி அனுப்பினாளா?"

"ம்."

"தொங்குறேனே, இதைப் பாத்தா கால் சரியில்லாதவன் மாதிரியா இருக்கு?"

"தொங்குறதைக் கேக்கலை. நடக்கிறதை."

"எப்படியும் தரையில இறங்கித்தான் ஆகணும்" என்றான். "ஆனா கீழ பாஸ்போர்ட் பாக்கிற ஹால்தானே இருக்கு."

"கவுண்டருக்கு முன்னாடி இருக்கிற மஞ்சள் கோடு வரைக்கும் நான் வரலாம். காலையில அங்கதானே நின்னேன்."

கொஞ்சம் யோசித்தான். சட்டென்று முகம் தெளிந்தது. "சரி வா. தாராளமா வந்து பாரு."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஹாலில் கூட்டமில்லை. இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைத்த ஓய்வு. காலையில் பார்த்த அதே அதிகாரி அதே கவுண்டரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோப்பையை வைத்தார்.

"நீங்களா? அதுக்குள்ள ஆறு மாசம் ஆயிடுச்சா?"

"இல்லைங்க. கவுண்டருக்கு வரலை. கண்ணாடிக்கு வந்தேன்." சுவரோரக் கண்ணாடியைக் காட்டினேன். அது மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. "அண்ணன் வெளிய இறங்குறான். அவன் நடக்கிறதைப் பாக்கணும். அம்மா கேட்டிருக்காங்க."

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கோட்டைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார். "கோட்டைத் தாண்டாதீங்க" என்றார். அவ்வளவுதான்.

கண்ணாடியிடம் போனபின்தான் அண்ணன் ஏன் தாராளமாகக் கூப்பிட்டான் என்று புரிந்தது. உள்ளே நடப்பது வெளியே தெரியக்கூடாது என்று, தரையிலிருந்து என் நெற்றி உயரத்துக்குக் கண்ணாடியில் பால் நிறத் தாள் ஒட்டியிருந்தார்கள். வாரம் தவறாமல் துடைக்கிறவனுக்கு இது தெரியாதா? அவன் உயரமானவன். தாளுக்கு மேலே அவன் தலை மட்டும் தெரிந்தது. மறுபடியும் நெஞ்சுக்கு மேல்தான்.

"இறங்கியாச்சு" என்றான் போனில். "நடக்கப் போறேன். நல்லாப் பாத்துக்கோ."

நடந்தான். தலை இடமிருந்து வலம் போனது. திரும்பி வந்தது. நான் பின்னால் நகர்ந்து, நுனிக்காலில் நின்று பார்த்தேன். தாளின் மேல்விளிம்பு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. அந்தக் கோட்டின்மேல் அண்ணனின் தலை போய்க்கொண்டிருந்தது. கல்லூரியில் இப்படி எத்தனை வரைபடங்கள் போட்டிருப்பேன். ஒரு நேர்க்கோடு, அதன்மேல் ஏறி இறங்கும் ஒரு புள்ளி.

"பட்டாளத்து நடை. போதுமா?"

"இன்னொரு தடவை நட."

நடந்தான்.

"அண்ணா."

"சொல்லு."

"நீ இடது காலை வைக்கிறப்பல்லாம் உன் காது மறையுது. வலது காலுக்கு மறையலை."

தலை நின்றது. ஒரு கை மேலே வந்து காதைத் தொட்டுப் பார்த்தது.

"இதுக்குத்தான் உன்னை பிஎஸ்ஸி படிக்க வெச்சோமா?" என்றான். சிரிக்க முயன்று, பாதியில் விட்டான். "கொஞ்சம் கட்டையாச் சேந்துடுச்சு குண்டூசி. அவ்வளவுதான். அம்மாகிட்டச் சொல்லாத. எல்லாத்தையும் விட்டுட்டு வாடான்னு நிப்பா. எனக்கு இந்த வேலைதான் தெரியும். பிடிச்சும் இருக்கு. கயிறுல ரெண்டு காலும் ஒண்ணுதான், தரையிலதான் வித்தியாசம். கம்பெனி டாக்டரே பாத்து ஏறலாம்னுட்டாரு."

"வலிக்குதா?"

"குளிர்காலத்துல கொஞ்சம். சத்தியமா அவ்வளவுதான்."

நுனிக்காலிலேயே நின்றதில் எனக்குக் கெண்டைக்கால் வலித்தது. பின்னால் ஏதோ தரையில் உரசும் சத்தம் கேட்டது. அதிகாரி. தன் கவுண்டருக்கு அடியில் கால் வைத்துக்கொள்ளும் சின்ன முக்காலியை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் பக்கத்தில் நின்றபோதுதான் கவனித்தேன், அவரும் என்னைப்போலக் குட்டைதான்.

"அடுத்த விமானம் வர்றதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்" என்றார்.

நான் ஏறினேன்.

அண்ணன் முழுசாகத் தெரிந்தான். சீருடை, இடுப்புவார், நனைந்த பூட்ஸ். அவனுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு ஜோசியர். தாளுக்கு மேலே திடீரென்று என் முகம் எழுந்ததைப் பார்த்து அண்ணன் ஓரடி பின்வாங்கினான்.

"ஏய், வளந்துட்ட!"

"இப்ப நட."

அவன் கீழே பார்த்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கொடிக்கம்பம் வரை போய் வந்தான். இந்த முறை பட்டாளத்து நடை இல்லை. இடது பக்கம் சாய்ந்து, அந்தச் சாய்வை அடுத்த அடிக்கு ஓர் உந்தலாக்கிக்கொண்டு, வேகமாக நடந்தான். வழியில் மேஸ்திரி எதையோ கேட்டதற்குத் திரும்பாமலேயே பதில் சொன்னான். மேஸ்திரி சிரித்தார். வாளியிலிருந்து தண்ணீர் சிந்தவில்லை. பாவம் என்று சொல்ல அந்த நடையில் எதுவும் இல்லை. அது அவன் நடை, எனக்குப் புதிது, அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு முன்னால் வந்து விறைப்பாக நின்றான். "சோதனை முடிஞ்சுதா மேடம்? முத்திரை குத்துவீங்களா, இல்ல ஆறு மாசம் கழிச்சு வரணுமா?"

நான் முஷ்டியை மடக்கிக் கண்ணாடியில் ஒரு குத்து குத்தினேன்.

"கண்ணாடியைத் தட்டாதீங்க" என்றார் அதிகாரி பின்னாலிருந்து.

முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கவுண்டருக்கு அடியில் வைத்தேன். "நான் இதே வழியாத்தான் திரும்பிப் போவேன். அப்போ பாஸ்போர்ட் இன்னும் குறைஞ்சிருக்குமே?" என்று கேட்டேன். நானாகக் கேள்வி கேட்டது எனக்கே ஆச்சரியம்.

"போற நாட்டுல உங்க தூதரகம் இருக்கும். புதுசு எடுங்க. புது பாஸ்போர்ட், வீட்டுக்குப் போற டிக்கெட், அண்ணன் முகவரி. மூணும் இருந்தா நேரா என் கவுண்டருக்கே வாங்க" என்றார். தேநீர் ஆறிப்போயிருக்கும். அப்படியே குடித்தார்.

மேலே போய் அம்மாவைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று எஸ்கலேட்டர் முழுக்க யோசித்தும் முடிவாகவில்லை. சொல்லாதே என்றான் அவன். கண்ணால் பார்த்ததைச் சொல் என்றாள் அவள். தையல் மிஷின் ஓடும் சத்தத்தோடு அம்மாவின் குரல் வந்தது.

"பாத்தியா? நடக்கிறானா?"

"நடக்கிறான்மா."

"எப்படி?"

எனக்குப் பொய் வராது. நல்ல குணம் என்பதற்காகச் சொல்லவில்லை, நாக்கு புரளாது. பேசாமல் இருந்தேன். மிஷின் நின்றது.

"எங்கிட்டச் சொல்லுடி."

"ஒரு கால் கட்டையா இருக்கும்மா. சாய்ஞ்சு நடக்கிறான். ஆனா வேகமா நடக்கிறான். வாளி நெறையத் தண்ணி, ஒரு சொட்டு சிந்தலை. கயிறுல மாடி மாடியா இறங்கி வந்தான், நான்தான் பின்னால ஓடினேன். வலி குளிர்காலத்துல மட்டும்தானாம்." ஒரே மூச்சில் இவ்வளவு நான் பேசியதில்லை. "சிரிச்சுக்கிட்டே இருக்கான்மா. மேஸ்திரியும் அவன்கூடச் சிரிக்கிறாரு."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வாடா என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எந்தக் கால்?" என்றாள்.

"இடது."

"எவ்வளவு?"

"எவ்வளவுன்னா?"

"எத்தனை இஞ்சு கட்டைன்னு கேக்கிறேன். ரெண்டு காலும் ஒரே அளவுல தெச்சு அனுப்பியிருக்கேனே. இடது பக்கம் தரையில இழுபடும். தடுக்கி விழமாட்டானா? கேட்டுச் சொல்லு. நீ அங்க போய் இறங்கினதும் முதல் வேலையா அதை மடிச்சு அடி. எப்படி அடிக்கணும்னு போன்ல சொல்றேன்." மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அதோடு சேர்ந்து, "ஒரு வருஷமா ஒளிச்சு வெச்சிருக்கான் பாரு, கழுதை" என்றாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். "அம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை இஞ்சுன்னு கேக்கிறா."

"என்னது?"

"கால். எத்தனை இஞ்சு கட்டைன்னு. பேண்ட்டை மடிக்கணுமாம்."

"திட்டலையா?"

"கழுதைன்னா."

"வாடான்னு சொல்லலையா? வேலையை விடச் சொல்லலையா?"

"அதைப் பத்திப் பேசவே இல்லை. மடிப்பைப் பத்தித்தான் கவலை."

அவன் வேறு பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டான். "யோவ், கருவிப் பெட்டியில டேப் இருக்கும், எடுத்துட்டு வா."

"எதுக்கு டேப்பு?" என்றது ஜோசியரின் குரல். "பாத்தாலே தெரியுதே. ரெண்டு இஞ்சு. எழுதிக்கச் சொல்லு."

"நீ சொன்னதை நம்பித்தான் என் தங்கச்சி உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறா" என்றான் அண்ணன். "வாயை மூடிக்கிட்டு டேப்பை வெச்சு அள."

நான் காத்திருந்தேன். என் விமானத்துக்கான அழைப்பு வந்தது. வரிசையில் நின்றுகொண்டே போனைக் காதில் வைத்திருந்தேன். இழுத்த டேப் சுருண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

"ஒண்ணரை" என்றான் அண்ணன்.